ரோட்டோயிட்டி ஏரிக்கரை ஹட்டில் இரண்டு இரவு: டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு போக என்னென்ன வேண்டும்?

பொங்கோல்_வாசி
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து தென் தீவு போகிறோம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு (9, 6 வயது). பெரியவர்களில் ஒருவர் அம்மா, வயது 66, முழங்கால் வலி உண்டு. நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு மலை ஏரிக்கரையில், மின்சாரம் இல்லாத மரக்குடிலில் தங்க வேண்டும் என்று ஆசை. அங்குள்ள ஏஞ்சலஸ் ஹட் என்ற மலைக்குடிலின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. பிள்ளைகளோடு போகலாமா? இங்கே சிங்கப்பூரிலேயே என்ன வாங்கிக்கொள்வது, அங்கே போய் என்ன வாங்குவது? அம்மா சைவம். சோறும் பருப்பும் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது.

நெல்சன்தமிழ்
ஏஞ்சலஸ் இந்தக் குழுவுக்கு வேண்டாம். ஹட் நிற்பது 1,650 மீட்டர் உயரத்தில். மவுண்ட் ராபர்ட் கார் நிறுத்தத்திலிருந்து ராபர்ட் ரிட்ஜ் வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர், நல்ல நடையாளருக்கே ஆறு மணி நேரம். பாதி வழிக்கு மேல் மலை முகட்டிலேயே நடக்க வேண்டும். ஒதுங்க மரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் சுமந்தாக வேண்டும். அந்த உயரத்தில் டிசம்பரிலும் பனி கொட்டும். காற்று அடித்தால் ஆறு வயதுப் பிள்ளையால் நிற்கவே முடியாது. நடுவழியில் திரும்பவும் அதே முகட்டில்தான் திரும்ப வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமானது அதே பூங்காவில் உள்ள ரோட்டோயிட்டி ஏரியின் தெற்கு முனை. அங்கே இயற்கைப் பாதுகாப்புத் துறையின், அதாவது டிஓசியின், இரண்டு ஹட்டுகள் உண்டு. கிழக்குப் பக்கம் லேக்ஹெட் ஹட், 28 படுக்கை. மேற்குப் பக்கம் கோல்ட்வாட்டர் ஹட், 12 படுக்கை, தண்ணீரை ஒட்டியே இருக்கும். ஏரியின் வடமுனையில், செயிண்ட் அர்னாட் கிராமத்தை ஒட்டிய கெர் பே கரையிலிருந்து லேக்ஹெட் போகும் பாதை ஏரியை ஒட்டியே, பீச் (beech) மரக் காட்டு நிழலில், பெரிய ஏற்றம் இல்லாமல் போகும். சுமார் 9 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பிள்ளைகளோடு என்றால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செயிண்ட் அர்னாட் கிராமத்திலிருந்து வாட்டர் டாக்ஸியும் ஏரி முனைக்குப் போகும். அம்மாவையும் மூட்டை முடிச்சையும் படகில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடந்து வரலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஹட்டும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஆனால் நடுவே டிராவர்ஸ் ஆறு இருக்கிறது. மழை பெய்து ஆறு ஏறிவிட்டால் இறங்கிக் கடக்கக் கூடாது, மேலே பள்ளத்தாக்கில் இருக்கும் பாலம்வரை சுற்ற வேண்டும். அதனால் படகு உங்களை எந்தக் கரையில் இறக்கும், உங்கள் ஹட் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே ஒத்துப்பாருங்கள்.

ஏஞ்சலஸுக்குக் கோடையில் முன்பதிவு கட்டாயம். கீழே உள்ள ஹட்டுகளுக்கு எந்த முறை என்பதை டிஓசி தளத்தில் அந்தந்த ஹட்டின் பக்கத்திலேயே பார்த்து, செயிண்ட் அர்னாட் பார்வையாளர் மையத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். முன்பதிவு இல்லாத ஹட்டில் முதலில் வருபவருக்கே இடம். ஹட் டிக்கெட், அதாவது தங்கும் கட்டணச் சீட்டு, கையில் இருப்பதால் படுக்கை உறுதி என்று ஆகாது.

பொங்கோல்_வாசி
மிக்க நன்றி அண்ணா. அப்போது லேக்ஹெட். ஹட்டுக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது?

மலைத்தேனீ
இருப்பவை: கூரை, மரச் சுவர், மெத்தை போட்ட பங்க், விறகு அடுப்பு, மேசை பெஞ்சு, மழைநீர்த் தொட்டி, வெளியே குழிக் கழிப்பறை. அவ்வளவுதான்.

இல்லாதவை: தலையணை, போர்வை, பாத்திரம், சமையல் அடுப்பு, விளக்கு, பிளக், குப்பைத் தொட்டி, குளியலறை, கழிப்பறைத் தாள். புகழ்பெற்ற கிரேட் வாக்ஸ் தடங்களில் உள்ள பல ஹட்டுகளில் சீசனில் கேஸ் அடுப்பு இருக்கும். அந்த நினைப்பில் சாதாரண ஹட்டுக்கு அடுப்பில்லாமல் போய் நிற்பவர்கள் உண்டு.

பங்க் என்றால் தனிக் கட்டில் இல்லை. ஒரு நீள மரப் பலகைமேல் மெத்தைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள், இரண்டு அடுக்கு. அறிமுகம் இல்லாதவர் பக்கத்தில் படுப்பார். அம்மாவுக்குக் கீழ்த்தட்டில், சுவரோரமாக இடம் பிடித்து, அவருக்கு அடுத்து நீங்கள் படுத்துக்கொண்டால் சங்கடம் இருக்காது. இரவில் அவர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும், ஏணி ஏறி இறங்கும் வேலையே வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் பேச்சு கூடாது. ஆனால் டிசம்பரில் அங்கே இருட்டவே ஒன்பதைத் தாண்டிவிடும். சிங்கப்பூரைவிட ஐந்து மணி நேரம் முன்னால் இருக்கும் ஊர் வேறு. பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கண்பட்டி எடுத்துப் போங்கள், உண்மையிலேயே பயன்படும்.

பீச்ரோடு_கார்ப்ரல்
வாங்க வேண்டிய பொருள்கள் பற்றி என் பங்கு. கோல்டன் மைல் உணவு நிலையத்து ராணுவக் கடைகளில் கிடைப்பதில் மெஸ் டின் (ராணுவச் சமையல் டப்பா), பாராகார்டு கயிறு, நீர்ப்புகாப் பை மூன்றும் வாங்கத் தகுந்தவை. தேசிய சேவையில் கொடுக்கும் என்எஸ் பஞ்சோ (மழைப் போர்வை) வேண்டாம். நம் ஊர் நேர் மழைக்கு அது போதும். அங்கே மழை காற்றோடு பக்கவாட்டில் வரும், பஞ்சோ தலைக்கு மேல் பறக்கும், கீழே எல்லாம் நனையும். தலைமூடியோடு கூடிய மழை ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று வேண்டும்.

சாலிட் ஃப்யூயல் மாத்திரை (அடுப்பு எரிக்கும் திட எரிபொருள்), கேஸ் கேன், இரண்டையும் விமானத்தில் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. பூசைக்கு என்று அம்மா கற்பூரம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதுவும் தீப்பற்றும் பொருள் வகைதான்.

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கும் சேர்த்து. சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பாருங்கள், இரவில் மற்றவர் தூக்கம் கெடாது. மாற்று பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள்.

மலைத்தேனீ
பணத்தைக் கொட்ட வேண்டிய ஒரே இடம் ஸ்லீப்பிங் பேக். ஏரி சுமார் 620 மீட்டரில் இருக்கிறது. கோடை இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம், தெளிந்த வானம் என்றால் பூச்சியத்தை ஒட்டியும் இறங்கும். விறகு அடுப்பு எரியும்வரை ஹட் சூடாக இருக்கும். இரவு ஒரு மணிக்கு அது அணைந்த பிறகு உங்களைக் காப்பது பேக் மட்டும்தான்.

பேக்கின் லேபிளில் மூன்று வெப்பநிலை இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி அளப்பது. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தங்கும் அளவு, தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையின் முகப்பில் பெரிதாக 0° என்று இருந்தால் அது இந்த மூன்றில் எது என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம்மைப்போல 30 டிகிரியில் வாழ்பவர்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு கம்ஃபர்ட் 0, மற்றவர்களுக்கு 3 அல்லது 5 போதும்.

பிள்ளைகளுக்குப் பெரியவர் பேக் கொடுத்தால் காலடியில் நிறைய வெற்றிடம் இருக்கும், அதைச் சூடாக்க அவர்கள் உடம்பில் சூடு பத்தாது. அடிப்பகுதியை உள்பக்கமாக மடித்து, அதில் உலர்ந்த ஜாக்கெட்டைத் திணித்துவிடுங்கள்.

படுக்கும்போது செய்யக்கூடாதது ஒன்று: பகலில் போட்டிருந்த காட்டன் உடையோடும் வேர்த்த காலுறையோடும் உள்ளே நுழைவது. காட்டன் ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சும். தூங்குவதற்கு என்று ஒரு சோடி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உடை, ஒரு கம்பளிக் காலுறை, ஒரு குல்லா, இவற்றைப் பகலில் தொடாமல் நீர்ப்புகாப் பையில் தனியே வையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்து, காலுறைக்குள் போட்டுக் காலடியில் வைத்தால் அம்மாவுக்கு விடியும்வரை கதகதப்பு இருக்கும்.

ஜூரோங்மாமா
திரும்பி வந்த பிறகு பேக்கைக் கெடுப்பது நம் ஊர்தான். சிறு உறைக்குள் அமுக்கி அலமாரிக்கு மேல் போட்டால் ஆறு மாதத்தில் உள்ளே இருக்கும் இறகு நசுங்கி உப்பாது. ஈரப்பதத்தில் பூஞ்சை வேறு. பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, ஏர்கான் ஓடும் அறையில் வையுங்கள். துவைத்தால் டம்பிள் டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு, கட்டிகள் உடையும்வரை ஓட்டணும். கொடியில் காயப்போட்டால் நம்ம ஊரில் உள்ளே காயவே காயாது, நாறிவிடும். இதெல்லாம் தொல்லை என்றால் இறகு வேண்டாம், செயற்கை இழை வாங்குங்க. கனம் கூடுதல், ஆனா படகில்தானே போகுது.

இப்ப அடுப்பு. ஸ்டீம்போட்டுக்கு வீட்டில் வைத்திருக்கும் நீளக் கேன் அடுப்பு அங்கேயும் கிடைக்கும், மலிவு. ஆனா அந்தக் கேனில் பெரும்பாலும் பியூட்டேன். அது பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே வந்தாலே ஆவியாகாது. அதற்கு மேலே 5 டிகிரியில்கூட தகராறுதான், ஏன்னா எரிய எரிய கேன் தன்னைத்தானே குளிர்விச்சுக்கும். விடியற்காலையில் தீ சுருங்கிக் காப்பித் தண்ணி கொதிக்காது. திருகு மூடி உள்ள ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த கேன் வாங்குங்க. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 கிட்டவரை ஆவியாகும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. அப்படியும் தீ சுருங்கினால் கேனை வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்தில் ஒரு விரல்கடை ஆழம் நிறுத்துங்க. கொதிக்கும் தண்ணி கூடாது, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றவே கூடாது.

அளவு: 230 கிராம் கேன் ஒன்று 12 லிட்டர் தண்ணியைக் கொதிக்கவைக்கும் என்று வைத்துக்கோங்க, காற்று அடித்தால் அதிலும் குறையும். ஆறு பேருக்குக் காலை, இரவு, தேநீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏழு லிட்டர். இரண்டு நாளுக்கு இரண்டு கேன், அவசரத்துக்கு இன்னொன்று. நெல்சனிலேயோ கிறைஸ்ட்சர்ச்சிலேயோ வெளிப்புறச் சாமான் கடையில் முதல் நாளே வாங்கிடுங்க. கிராமத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீங்க.

அடுப்படி_அக்கா
துவரம்பருப்பை அங்கே தூக்கிட்டுப் போகாதீங்க தம்பி. குக்கர் இல்லாமல் முக்கால் மணி நேரம் கொதிச்சாலும் நறுக்கு நறுக்குன்னு நிக்கும், கேஸ் எல்லாம் அதுக்கே போயிடும். மைசூர்ப் பருப்பு இருபது நிமிஷத்தில் குழைஞ்சிடும். பாசிப்பருப்பை வறுத்து எடுத்துக்கிட்டா அதுவும் சரி. மத்தியானமே தண்ணியில் ஊறப்போட்டுட்டா இன்னும் பாதி நேரம் மிச்சம்.

ஆறு பேருக்கு ஒரு வேளை: அரிசி பெரியவங்களுக்கு 80 கிராம், பிள்ளைகளுக்கு 50, மொத்தம் 420 கிராம். பச்சரிசியா எடுங்க, புழுங்கலரிசி நேரம் பிடிக்கும். அரை மணி ஊறவெச்சு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணி, கொதி வந்ததும் எட்டு நிமிஷம் சின்னத் தீ, அப்புறம் இறக்கி மூடியோட ஒரு துண்டில் சுத்தி ஸ்லீப்பிங் பேக்குக்கு நடுவில் பதினைஞ்சு நிமிஷம் வெச்சுடுங்க. மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துடும், அடி பிடிக்காது. பருப்பு 200 கிராம், ஒன்றேகால் லிட்டர் தண்ணி, மஞ்சத்தூள், கடைசியில் உப்பு, நெய். தாளிக்கணும்னா மெஸ் டின் மூடியில் தாளிச்சுக் கொட்டுங்க. ஹட்டுக்குள்ள மிளகாய் தாளிக்காதீங்க, இருபது பேர் இருமுவாங்க. வெளியே பெஞ்சில் வெச்சுச் செய்யுங்க.

காலைக்கு ரவை உப்புமா. முன்னாடி நாள் செயிண்ட் அர்னாட் பக்கம் கேபின் போட்டுத் தங்குவீங்கல்ல, அங்கே சமையலறை இருந்தா ரவை, கடுகு, உளுந்து, முந்திரி எல்லாம் நெய்யில் வறுத்து ஆறவெச்சு ஜிப் பையில் கட்டிடுங்க. ஹட்டில் தண்ணி கொதிக்கவெச்சு, உப்புப் போட்டு, பையைக் கொட்டிக் கிளறினா மூணு நிமிஷம். ஆளுக்கு 60 கிராம் ரவை.

இங்கேயிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோறதைப் பத்தி: முஸ்தஃபாவில் கம்பெனி பாக்கெட்டா வாங்கினதை உடைக்காம, லேபிளோட கொண்டுபோங்க. அம்மா கையால இடிச்ச பொடின்னா அதிகாரிக்கு அதில் என்ன இருக்குன்னு தெரியாது. கறிவேப்பிலை, பழம், தேன், இறைச்சி எதுவும் வேண்டாம். எது எடுத்தாலும் நியூசிலாந்து வருகை அறிவிப்பில் உணவு இருக்குன்னு டிக் போட்டுடுங்க. டிக் போட்டுக் காட்டினா அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவாங்க. மறைச்சா அங்கேயே 400 டாலர் அபராதம். அரிசி பருப்பு ரவையெல்லாம் அங்கத்திய இந்தியக் கடையிலேயே வாங்கிக்கலாம்.

பீச்ரோடு_கார்ப்ரல்
அக்கா சொன்னதோடு: சப்பாத்து, கூடாரம், நடைக்கோல் எல்லாவற்றையும் அதே அறிவிப்பில் குறிக்க வேண்டும். சப்பாத்தின் அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. மேக்ரிட்சி காட்டுப் பாதையில் நடந்துவிட்டு அப்படியே பெட்டியில் போடாமல், பல்துலக்கும் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

பொங்கோல்_வாசி
அக்கா, படகில் போவதால் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று கொண்டுபோனால் என்ன?

அடுப்படி_அக்கா
கொண்டுபோகலாம், அம்மாவுக்குத் துவரம்பருப்புதான் வேணும்னா அதுதான் வழி. கேஸும் மிச்சமாகும். மாமா என்ன சொல்றார்னு கேட்டுக்குங்க.

ஜூரோங்மாமா
நான் வேண்டாம்னு சொல்வேன். கேன்மேல் நேரடியாத் திருகும் சின்ன அடுப்புக்கு மூணு கால், அகலம் ஒரு சாண்கூட இருக்காது. அதன்மேல் பருப்பும் தண்ணியும் நிறைஞ்ச குக்கர் மூணு கிலோவுக்கு மேல. பெஞ்சில் ஒரு பிள்ளை இடிச்சாப் போதும். இன்னொரு ஆபத்து, அகலமான பாத்திரம் சூட்டைக் கீழே கேன் பக்கமே திருப்பும். காற்றைத் தடுக்கிறேன்னு அடுப்பைச் சுற்றி அலுமினியத் தகடு கட்டினாங்கன்னா கேன் சூடாகி வெடிக்கும். கேனைத் தொட்டுப் பாருங்க: கை வைக்க முடியாத அளவு சூடா இருந்தா உடனே அணைக்கணும். குக்கர் கட்டாயம்னா, கேன் தனியா, குழாயால் இணைச்ச தாழ்வான அடுப்பு வாங்குங்க. அது குக்கரைத் தாங்கும்.

அடுப்படி_அக்கா
அது நியாயம். அப்ப மைசூர்ப் பருப்பே போதும்.

ஈசூன்_செவிலி
அடுப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சேர்த்துப் படியுங்கள். கேஸ் அடுப்பு, கரி, விறகு எதுவானாலும் மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இல்லை, நிறம் இல்லை. முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்காமலேயே போகலாம். குளிர்கிறது என்று பார்பிக்யூ கரித் தணலை அறைக்குள் இழுத்து வைப்பதுதான் கேபின்களில் உயிரைக் குடிக்கும் செயல். தணல் அணைந்ததுபோலத் தெரியும்போதும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

பெரிய ஹட்டில் சமையல் பெஞ்சு இருக்கும், அதன் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கலாம். ஹாலிடே பார்க்கின் சின்னக் கேபினிலும் கூடாரத்திலும் உள்ளே சமைக்கவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டுப் பிறகு கதவு ஜன்னலைத் திறங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பங்க் பக்கத்தில் வையுங்கள்.

அம்மாவுக்கு: மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் கடிதத்தோடும், மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவில், கைப்பையில். முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். நடுக்கம் நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது, தடுமாறுகிறார் என்றால் அது சரியாவதன் அடையாளம் இல்லை, மோசமாவதன் அடையாளம். ஈர உடையை மாற்றி, குல்லா போட்டு, பேக்குக்குள் படுக்கவைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகால்களைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம்.

பூச்சி: ரோட்டோயிட்டி கரையில் சாண்ட்ஃபிளை என்ற சிறு கருப்பு ஈ மொய்க்கும். பகலில்தான் கடிக்கும், இருட்டினால் அடங்கும். பிகாரிடின் அல்லது 20 முதல் 30 சதவீத டீட் உள்ள பூச்சி விரட்டித் தைலத்தைக் கணுக்கால், மணிக்கட்டு, கழுத்து மூன்றுக்கும் மறக்காமல் பூசுங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு தைலம். வெயில் குளுகுளு என்று இருக்கும், ஆனால் அங்கே கோடையில் புற ஊதாக் குறியீடு 11க்கு மேல் போகும். அந்தக் காட்டில் பீச் மரப்பட்டையில் பூச்சிகள் சுரக்கும் தேன்துளிக்காகக் குளவிகள் நிறைய வரும், கோடைக் கடைசியில்தான் அதிகம். யாருக்காவது குளவிக்கடி ஒவ்வாமை இருந்தால் எபிபென் என்ற அவசர ஊசி இல்லாமல் போக வேண்டாம்.

பொங்கோல்_வாசி
தண்ணீரும் கழிப்பறையும்தான் அம்மாவின் பெரிய கவலை. அங்கே அவர் எப்படிச் சமாளிப்பது?

மலைத்தேனீ
நியாயமான கவலை. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. மூடியில் துளையிட்ட அமுக்கும் போத்தல், அரை லிட்டர், அம்மாவுக்கென்று தனியாக ஒன்று. ஹட் தொட்டியில் நிரப்பிக்கொண்டு போகட்டும். குழிக் கழிப்பறையில் அந்த அளவு தண்ணீர் ஊற்றுவதால் ஒன்றும் ஆகாது. துடைத்துக்கொள்ளத் தாள் கொண்டுபோங்கள். ஈர டிஷ்யூ, நாப்கின், சாப்பாட்டு மிச்சம் எதையும் குழிக்குள் போடக் கூடாது, மக்காது. ஜிப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவில் தலைவிளக்கோடு யாராவது துணைக்குப் போங்கள், படியில் பனி படிந்து வழுக்கும். திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கைச் சுத்திகரிப்புத் திரவத்தை மட்டும் நம்பினால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில சாகாது.

குடிநீர்: தொட்டித் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் பார்க்கப் பளிங்குபோல இருந்தாலும் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அந்த உயரத்துக்கு அது சரி. வடிகட்டி கொண்டுபோனால் 0.2 மைக்ரான் அல்லது அதற்கும் நுண்ணியது. இதில் ஒரு விஷயம் நம் ஊரில் யாருக்கும் தோன்றாது: ஒருமுறை நனைந்த வடிகட்டி இரவில் உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழல்கள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், ஆனால் கிருமியும் சேர்ந்து வரும். குளிர் இரவில் அதை ஜிப் பையில் போட்டு உங்கள் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் சோப்பு போட்டுக் குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது இரண்டும் கூடாது. பாத்திரத் தண்ணீரைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள்.

நெல்சன்தமிழ்
ஏரி பற்றி இரண்டு. தண்ணீர் ஜில்லென்று இருக்கும். செந்தோசாவில் குதிப்பதுபோலப் பிள்ளைகள் படகுத்துறையிலிருந்து குதித்தால் முதல் நிமிடத்தில் மூச்சு அடைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவார்கள். இறங்கினால் கரையிலிருந்து மெல்ல, முழங்கால்வரை. கெர் பே படகுத்துறைக்குக் கீழே நீளத் துடுப்பு விலாங்குகள் பெரிது பெரிதாகத் திரியும். பார்க்கலாம், கையை உள்ளே விடக் கூடாது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத பாசிகள். தென் தீவு ஆறுகளில் டிடிமோ பரவியிருக்கிறது, ரோட்டோயிட்டியில் லிண்டாவியா என்ற பாசியும் உண்டு. ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் நனைந்த செருப்பு, சப்பாத்து, நீச்சலுடை எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் திரவத்தின் 5 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், அல்லது தொட்டால் ஈரமில்லாத அளவு காய்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் காயவிடுங்கள். இதே பூங்காவின் உள்ளே இருக்கும் ரோட்டோமைரெஃபெனுவா என்ற நீல ஏரியில் 70, 80 மீட்டர்வரை கண் ஊடுருவும். மவோரி மக்களுக்கு அது புனித நீர், யாரும் கையைக்கூட நனைப்பதில்லை. ஒரு துளிப் பாசி அங்கே போனால் மீட்கவே முடியாது. தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சப்பாத்தை ஹட்டுக்கு வெளியே விடாதீர்கள். கியா என்ற மலைக்கிளி ரப்பரையும் கயிற்றையும் கொத்திக் கிழிக்கும். உணவை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொக்கியில் தொங்கவிடுங்கள், எலி உண்டு.

பொங்கோல்_வாசி
விறகு அடுப்பை மூட்டத் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை.

மலைத்தேனீ
முதலில் பழைய சாம்பலில் கனல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உலோக வாளியில் மட்டும் எடுத்து வெளியே, மரத்தரையில் இல்லாமல், மண்ணில் வையுங்கள். சாம்பலுக்குள் கனல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பிறகு காற்றுத் தாழையும் புகைபோக்கித் தாழையும் முழுக்கத் திறங்கள். காகிதம் நாலைந்து உருண்டை, அதன்மேல் விரல் பருமன் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கைப்பிடி. பற்றவைத்துக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்துங்கள். குச்சிகள் நன்றாகப் பிடித்த பிறகு மணிக்கட்டுப் பருமன் விறகு இரண்டு. அது எரிந்த பிறகுதான் பெருங்கட்டை. ஆரம்பத்திலேயே பெரிய கட்டையைப் போடுவதும், ஈர விறகைப் போடுவதும்தான் ஹட் முழுக்கப் புகையாவதற்குக் காரணம். புகைபோக்கி குளிர்ந்திருந்தால் புகை மேலே ஏறாமல் உள்ளே திரும்பும். அப்போது முதலில் காகிதம் மட்டும் எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள்.

எரிய ஆரம்பித்ததும் கதவை முழுக்கச் சாத்தி, காற்றுத் தாழைப் பாதியாக்கினால் விறகு இரட்டிப்பு நேரம் நிற்கும். அடுப்புமேல் காலுறை காயப்போடாதீர்கள். பகலில் நன்றாக வெயில் அடித்து ஹட் சூடாக இருந்தால் மூட்டவே வேண்டாம், விறகு அடுத்து வருபவருக்கும் வேண்டும். கிளம்பும் முன் உலர்ந்த குச்சியும் விறகும் உள்ளே நிரப்பிவிட்டு, தரையைப் பெருக்கி, குப்பை முழுவதையும் எடுத்து வாருங்கள். வெளியே தீ மூட்டத் தடை இருக்கிறதா என்பதை வறண்ட கோடையில் தினமும் பார்க்க வேண்டும்.

பீச்ரோடு_கார்ப்ரல்
நுழைவு பற்றி யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் என்இசட்இடிஏ என்ற மின் அனுமதி எடுக்க வேண்டும். வீட்டில் யாராவது பிஆர் (சிங்கப்பூர் நிரந்தரவாசி), கையில் இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அவருக்கு வருகையாளர் விசா தனியாக வேண்டும், பிஆர் என்பதால் சலுகை இல்லை. அதை முதலில் பாருங்கள், படுக்கை பதிவதெல்லாம் பிறகு. கார் எடுத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கை சட்டப்படி கட்டாயம், ஏழு வயது நிரம்பும்வரை.

பொங்கோல்_வாசி
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். என்இசட்இடிஏ இன்றிரவே. கடைசியாக ஒன்று: மூன்றாம் நாள் காலை படகில் திரும்பி, அன்றே மாலை நெல்சனிலிருந்து விமானம் பிடிக்கலாமா?

நெல்சன்தமிழ்
வேண்டாம். ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, பலத்த காற்று வீசினால் அலை எழும், படகுக்காரர் வரமாட்டார், வரவும் கூடாது. வடமேற்குக் காற்றுக்குப் பின்னாலேயே பெருமழையும் வரும். மெட்சர்விஸ் வானிலை முன்னறிவிப்பில் வடமேற்கு என்று பார்த்தால் ஒரு நாள் கூடுதலாக ஹட்டில் இருக்க ஆயத்தமாகுங்கள். ஆறு பேருக்கும் ஒரு நாள் சாப்பாடு, அம்மாவுக்கு இரண்டு நாள் மருந்து கூடுதலாக வைத்திருங்கள். அங்கே கைபேசி அலைவரிசையை நம்ப முடியாது. செயிண்ட் அர்னாடிலோ நெல்சனிலோ பிஎல்பி என்ற, அவசர உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுங்கள். எந்த ஹட், எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் 111ஐ அழைப்பது என்று சிங்கப்பூரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரிலிருந்து 111 போகாது, அதனால் நியூசிலாந்துக் காவல்துறையின் வெளிநாட்டு அழைப்பு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஹட்டில் இருக்கும் பதிவேட்டிலும் பெயர், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். தேடுவதென்றால் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

விமானத்தை நாலாம் நாள் மத்தியானத்துக்கு மாற்றுங்கள். மூன்றாம் நாள் இரவு செயிண்ட் அர்னாடில் தங்கினால் அம்மாவுக்கு வெந்நீர்க் குளியலும் கிடைக்கும்.